நான் கை வைத்தால் நெளியாது

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மேடம். குறையாகச் சொல்லவில்லை. கொடுத்ததைக் குடிக்கிற ஆள் நான். ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்களே, அதையும் குறையாகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் குதிரை முதுகில் உட்கார்ந்தவனுக்கு உங்கள் பெஞ்சு மெத்தை மாதிரி.

நடந்ததை நடந்தபடி என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். ஒரு கட்டுப் பேப்பரும் நூல் கட்டிய பேனா ஒன்றும் கொடுத்தீர்கள். பேனாவை யாரும் கிளப்பிக்கொண்டு போய்விடக் கூடாது என்று மேசைக் காலோடு கட்டிவைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் லாயத்தில் குளம்பு சுத்தம் செய்யும் கொக்கியை நானும் இப்படித்தான் கட்டிவைத்திருப்பேன். என்ன, உங்கள் நூல் கொஞ்சம் குட்டை. எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேசையின் அந்தக் கோடியில் பிளாஸ்டிக் பைக்குள் அரக்கு நிறத்தில் ஒரு துணி இருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, நான் பார்க்கிறேனா என்று மட்டும் பார்த்தீர்கள். பார்த்தேன். என்னுடையதுதான். அதற்கும் வருகிறேன்.

என்னை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். குதிரையேற்றப் பள்ளியில் சவாரி சொல்லிக்கொடுக்கிறேன். பதினொரு குதிரைகள், காலையும் மாலையும் வகுப்புகள். பள்ளி முதலாளியம்மாவுடையது. அவருக்குக் குதிரை என்றால் உயிர், ஆனால் கிட்டே போனால் அடுக்கடுக்காகத் தும்மல். அதனால் ஆபீஸ் அறைக் கண்ணாடி வழியாகத்தான் நேசிப்பார். லாயத்தைக் கவனித்துக்கொள்கிற பெரியவருக்கு ரேடியோ என்று பெயர். காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் பூட்டிவிட்டுப் போகிறவரை மூடமாட்டார். எந்தக் குதிரை எத்தனை மணிக்குச் சாணம் போட்டது என்பது வரை நேரடி ஒலிபரப்பு. கால்நடை டாக்டர் வாரம் ஒரு தடவை வருவார். சின்ன வயசுப் பெண். கை முழுக்கச் சாக்பீஸ் தூள். அந்தச் சாக்பீஸ் சமாச்சாரத்தை நீங்கள் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

எங்கள் லாயத்தில் ஒவ்வொரு குதிரையின் கொட்டடிக்கு வெளியேயும் ஒரு சிலேட்டு தொங்கும். குதிரைக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் அதில் 'ஓய்வு' என்று எழுதிவிடுவார். எழுதுவது டாக்டர், அழிப்பது நான். இது நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம். டாக்டருக்கு மருந்து தெரியும், சவாரி தெரியாது. குணமான குதிரை மறுபடி ஆளைச் சுமக்குமா என்பது ஏறிப் பார்த்தால்தானே தெரியும். ஆகவே மாஸ்டர் ஏறி மைதானத்தில் ஒரு சுற்றுப் போய்வருவார். குதிரை காதைப் பின்னால் மடக்கினாலோ, வாலைச் சுழற்றினாலோ, முதுகைக் குழித்துக்கொண்டாலோ ஓய்வு தொடரும். ஒன்றும் செய்யாவிட்டால் மாஸ்டர் இறங்கி வந்து உள்ளங்கையால் சிலேட்டைத் துடைத்துவிடுவார். அதற்கப்புறம் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஏறிய ஒரு குதிரைகூடக் காதை மடக்கியதில்லை. பீற்றிக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள், ரேடியோவைக் கேட்டால் அவரே சொல்வார். நான் ஒல்லி என்பதால் இல்லை. எடை பார்த்தால் ஒரு சிமெண்ட் மூட்டைக்கு மேல் கொஞ்சம் இருப்பேன். விஷயம் எடையில் இல்லை, பழக்குவதில் இருக்கிறது.

நான் குதிரையை அடித்ததே கிடையாது. சாட்டை வைத்திருப்பேன், பூட்ஸில் ஒட்டிய மண்ணைத் தட்டுவதற்கு. புதுக்குதிரை முதுகில் சேணம் பட்டதும் துள்ளும், பின்னங்காலை உதறும். மற்ற மாஸ்டர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். நான் தண்ணீர் வாளியைக் கொண்டுபோய் அதன் மூக்குக்கு ஒரு முழம் எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். அசையாமல் நின்றால் வாளி கிட்டே வரும். அசைந்தால் இன்னொரு முழம் தள்ளிப் போகும். முதல் நாள் ஏழெட்டு மணி நேரம் இழுக்கும், அதுவும் வெயில் நாளாக இருந்தால் சீக்கிரம் முடியும். மூன்றாம் நாள் பத்து நிமிஷம். ஒரு வாரம் போனால் வாளியின் இரும்புப் பிடியைச் சும்மா ஒரு தட்டுத் தட்டினால் போதும், தூண் மாதிரி நிற்கும். பிறகு அதன் முதுகில் எதை வைத்தாலும் நிற்கும். ஒரு அடி இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. என் மகளையும் குரலை உயர்த்தாமல்தான் வளர்த்தேன். அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள், எங்கள் வீட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டிருக்காது.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அந்த மழைதான். ஒன்றரை மாசம் விட்டுவிட்டுப் பெய்தது. சேணத்துக்கு அடியில் போடுகிற துணி ஒன்றும் காயவில்லை. பதினொரு குதிரைக்குப் பதினொரு வெள்ளைத் துணி. என் மனைவி தையல்காரி, ஒவ்வொன்றின் மூலையிலும் குதிரையின் எண்ணை அவளே தைத்துக் கொடுத்திருந்தாள். ஒன்றின் துணியை இன்னொன்றுக்குப் போடவே கூடாது. மழையில் எது காய்ந்திருக்கிறதோ அதை எடுத்து மாற்றி மாற்றிப் போட்டோம். 'போட்டோம்' என்று எழுதிவிட்டேன். அது சரியில்லை. ரேடியோ வேண்டாம் என்றார். போடச் சொன்னது நான்.

முதலில் வெள்ளைப் பெண்குதிரைக்கு வந்தது. முதுகில் சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு வட்டம். தடவினால் முடி கொத்தாகக் கையோடு வந்தது, அடியில் சாம்பல் நிறத்தில் பொருக்கு. டாக்டர் பார்த்துவிட்டுப் படர்தாமரை என்றார். மனிதர்களுக்கு வருகிற அதேதான், குதிரையிடமிருந்து நமக்கும் தொற்றும், எல்லோரும் கையுறை போடுங்கள் என்றார். அதைவிட முக்கியம், சேணம் படவே கூடாது. ஆள் ஏறி உட்கார்ந்து அழுத்தினால் பொருக்கு உடையும், ஈரத்தில் சீழ் வைக்கும், பொத்தான் அளவு வட்டம் ஒரு வாரத்தில் முதுகு முழுக்கப் புண்ணாகிவிடும். இதை அவர் எல்லோரையும் நிற்கவைத்து நிதானமாகச் சொன்னார். கவனமாகக் கேட்டுக்கொண்டேன். எனக்குத் தெரியாது என்று எங்கேயும் நான் சொல்லப்போவதில்லை.

பத்து நாளில் நான்கு சிலேட்டுகளில் 'ஓய்வு' ஏறிவிட்டது. மீதி ஏழு குதிரைகளை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்துவது எப்படி என்று முதலாளியம்மா கையைப் பிசைந்தார். நான் வெள்ளைக்குதிரை மேல் ஏறி ஒரு சுற்றுப் போய்வந்தேன். காதுகூட ஆடவில்லை. சிலேட்டைத் துடைத்தேன். அடுத்த நாள் இன்னொன்று, அதற்கடுத்த நாள் மற்ற இரண்டும். பிள்ளைகள் வந்து ஏறினார்கள், இறங்கினார்கள். நான் மைதானத்து நடுவில் பக்கத்தில் வாளியை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பிள்ளையும் விழவில்லை. டாக்டர் அடுத்த வாரம் வந்து துடைத்த சிலேட்டுகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மாஸ்டர், இதெல்லாம் ஆறவே இல்லையே என்றார். ஆறாத குதிரை ஆளைச் சுமக்குமா டாக்டர் என்று கேட்டேன். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. நாலு குதிரையோடு பழகினால் தானே தெரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

வலி விஷயத்தில் எனக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்று நான் வைத்துக்கொள்வதில்லை. என் முதுகுத்தண்டில் ஒரு வட்டு நகர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே பத்து நிமிஷம் ஆகும். மனைவிக்கே தெரியாது. இதோ எழுதிவிட்டதால் உங்களுக்குத் தெரியும். வலியைப் பொருட்படுத்தினால் அது செல்லம் கொஞ்சும், கண்டுகொள்ளாவிட்டால் ஒரு மூலையில் கிடக்கும். இதைத்தான் குதிரைக்கும் சொல்லிக்கொடுத்தேன், மகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

இனி மாப்பிள்ளைக்கு வருகிறேன். மாப்பிள்ளை என்பது செம்பழுப்பு நிறக் குதிரை. பெயர் வைத்தது ரேடியோ. லாரியிலிருந்து இறங்கிய அன்று, யாராவது வந்து அழைத்தால்தான் உள்ளே வருவேன் என்று வாசலிலேயே நின்றுகொண்டது. தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாப்பிள்ளைக்கு விருந்து பிடிக்கலை போலிருக்கு என்றார் ரேடியோ. பெயர் ஒட்டிக்கொண்டது. அதைப் பழக்க எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. அவ்வளவு வீம்பு வேறு எந்தக் குதிரைக்கும் நான் பார்த்ததில்லை.

என் மகளுக்குப் பதினேழு வயசு. ஒரே பிள்ளை. ஆறு வயசில் ஏறினாள். அவளும் மாப்பிள்ளையும் சேர்ந்து தடை தாண்டுவதைப் பார்த்தால் கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுவேன். அவளிடம் சொன்னதில்லை, சொன்னால் தலைக்கனம் வரும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போட்டி வைத்து மாநில அணிக்கு ஆள் எடுப்பார்கள். அடுத்த முறை அவளுக்கு வயசு தாண்டிவிடும். இந்த முறை இல்லையென்றால் எப்போதும் இல்லை. சவாரி செய்பவரும் குதிரையும் ஜோடியாகப் பதிவு செய்ய வேண்டும், கடைசி நேரத்தில் குதிரையை மாற்ற முடியாது. எங்கள் பள்ளியிலிருந்து யாரும் அந்த அணிக்குப் போனதில்லை. நானும் போனதில்லை. என்னை யாரும் அனுப்பவில்லை.

போட்டிக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் முதுகில் வட்டம் வந்தது. சேணம் உட்கார்கிற அதே இடத்தில், நான்கு. அவனுக்கு நான் போடச் சொன்ன துணி வெள்ளைக்குதிரையுடையது. டாக்டர் சிலேட்டில் 'ஓய்வு, 28 நாள்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். சாக்பீஸ் உடைந்து ஒரு துண்டு என் பூட்ஸ் மேல் விழுந்தது. முதலாளியம்மா கண்ணாடிக்குப் பின்னால் நின்று நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

நான் பொறுப்பில்லாமல் நடந்துகொள்ளவில்லை. பத்து நாள் விட்டுப்பிடித்தேன். மருந்து போட்டேன், வேளை தவறாமல் நானே போட்டேன். பதினொன்றாம் நாள் காலை ஏழு மணிக்குச் சேணம் பூட்டினேன். வயிற்று வாரை இறுக்கும்போது அவன் தோல் மட்டும் ஒரு தரம் நெளிந்தது, ஈ உட்கார்ந்தால் நெளியுமே அப்படி. வாளிப் பிடியை ஒரு தட்டுத் தட்டினேன். நின்றுவிட்டது. ஏறினேன். ஒரு சுற்று. காது ஆடவில்லை, வால் ஆடவில்லை. பிரமாதமாக நடந்தான்.

இறங்கிச் சேணத்தை எடுத்தபோது வெள்ளைத் துணி முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக உரித்தேன். முடியும் பொருக்கும் துணியோடு வந்தன. என் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் ஈரம், ஓரத்தில் சிவப்பு. ரேடியோ விளக்குமாற்றோடு பக்கத்தில் நின்றார். துணியைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் பெருக்க ஆரம்பித்தார். அந்த நாள் முழுக்க அவர் பேசவே இல்லை. லாயம் இவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். சிலேட்டைத் துடைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன்.

இப்போது அந்தத் துணி. வெள்ளைத் துணியில் எதுவும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். பார்க்கிறவர்கள் வீணாகக் கலவரப்படுவார்கள். போட்டியிலோ வெள்ளைதான் போட வேண்டும் என்று விதி. ஆகவே அடியில் ஒரு அரக்குத் துணி, அதற்கு மேல் வெள்ளை என்று இரண்டாகப் போட்டேன். அரக்கு நிறத்தில் ரத்தம் வெறும் ஈரம் மாதிரிதான் இருக்கும். திரைச்சீலை தைத்த மிச்சத்தில் என் மனைவி தைத்துக் கொடுத்தாள். குளிர் தாங்க என்று சொல்லி வாங்கினேன். தினமும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கக் குளியலறையில் நானே ஊறவைத்துத் துவைப்பேன். கடைசி நாள் குளியலறையில் போட்டதோடு சரி, துவைக்க நேரமில்லாமல் போயிற்று. அதைத்தான் அவள் உங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். புகார் கொடுத்தது அவள் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தன் தையலைத் தானே அடையாளம் காட்டியிருக்கிறாள் பாருங்கள்.

எட்டு நாள் பயிற்சி நடந்தது. நான்காம் நாள் என் மகள் அவன் கொட்டடியில் நின்றுகொண்டிருந்தாள். கையை அவன் முதுகுக்கு மேல், படாமல், காற்றில் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டோம். அவள் சொன்னதை வரி மாறாமல் எழுதச் சொன்னீர்கள்.

"அப்பா, மாப்பிள்ளைக்கு வலிக்குதுப்பா."

"யார் சொன்னது?"

"நான் கை வச்சா நெளியுது."

நான் உள்ளே போய் அவன் முதுகில் என் கையை வைத்தேன். நன்றாகவே அழுத்தி வைத்தேன். நெளியவில்லை. "பார், நான் வச்சா நெளியலையே" என்றேன்.

"நீங்க வச்சா நெளியாதுப்பா" என்றாள்.

பதினேழு வயசில் எவ்வளவு சரியாகக் கவனித்திருக்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் முதுகில் தட்டிக்கொடுத்தேன். அப்போது அவள் தோள் கொஞ்சம் சுருங்கியதாக எனக்கு ஞாபகம். அவளுக்கும் வந்திருந்தது. முழங்கை மடிப்பில், கழுத்தோரத்தில், தோள்பட்டையில் வட்டம் வட்டமாக. ராத்திரியெல்லாம் அரிக்கிறது என்றாள். போட்டி முடியட்டும், டாக்டரிடம் போனால் எங்கிருந்து தொற்றியது என்று கேட்பார்கள் என்றேன். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டாள். அம்மா கேட்டால் வேர்க்குரு என்று சொல்லச் சொன்னேன். அது என் தப்புதான். கொட்டுகிற மழையில் யாருக்காவது வேர்க்குரு வருமா.

போட்டிக்கு முந்தின நாள் மதியம், மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். தட்டில் சாதம் விழுந்ததும் அவள், "அப்பா, நாளைக்கு வேண்டாம்பா" என்றாள். நான் கோபப்படவில்லை. அவள் தட்டை எடுத்து மேசையின் மறுகோடியில் மூடிவைத்தேன். தண்ணீர் டம்ளரையும் அதன் பக்கத்தில் வைத்தேன். சின்ன வயசிலிருந்தே எங்கள் வீட்டில் இது உண்டு. அவள் கீழே விழுந்துவிட்டு அழுவாள், அழுகை நின்றதும் தட்டு வரும். அவளுக்குப் பழக்கமானதுதான். நானும் சாப்பிடாமல்தான் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி எழுந்து அடுக்களைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். இரண்டு மணிக்குக் கேட்டேன். மூன்று மணிக்குக் கேட்டேன். நாலே காலுக்கு, "சரிப்பா" என்றாள். தட்டு ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் நல்ல வெளிச்சம். மழை விட்டு மைதானம் காய்ந்து, புல் வாசனை தூக்கியது. நான் மாப்பிள்ளையின் தலைப்பக்கம் நின்றேன். பரிசோதகர் வந்து குளம்பைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், சேணத்தின் மேல் கையை ஊன்றி அழுத்திப் பார்த்தார். மாப்பிள்ளை சிலை. என்ன அடக்கமான குதிரை என்று அவர் பாராட்டினார். என் வாழ்நாளில் அதைவிடச் சந்தோஷமான காலை இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். என் மகள் பிறந்த அன்று இருந்திருக்கும்.

பயிற்சியாளர்கள் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். வாளியோடு நின்றேன். ஏழு தடைகள். முதல் ஐந்தும் காற்று மாதிரி தாண்டினார்கள். ஒவ்வொரு தடைக்கு முன்னாலும் பிடியைத் தட்டினேன், அவன் காது என் பக்கம் திரும்புவது எனக்குத் தெரிந்தது. ஆறாவது தடை நடுவர்களின் கூடாரத்துக்குப் பின்னால். அங்கிருந்து என்னைப் பார்க்க முடியாது. ஒலிபெருக்கியில் அடுத்த ஜோடியின் எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார்கள். தட்டினேன். எனக்கே கேட்கவில்லை.

அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். தாண்டித் தரையில் கால் பட்டதும் ஆளின் மொத்த எடையும் சேணத்தில் இறங்கும். மாப்பிள்ளை முதுகை வில்லாக வளைத்து மூன்று முறை எகிறினானாம். இரண்டு முறை அவள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது முறை தடையின் மரக்கட்டை மேல் மல்லாந்து விழுந்தாள். குதிரைமேல் தப்பில்லை. வாக்குமூலத்தில் இதைத் தெளிவாகப் பதிவு செய்யுங்கள், அவனைச் சுட்டுவிடலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். அவன் நான் இல்லாத இடத்தில் இருந்தான், அவ்வளவுதான்.

ஆள் இல்லாத சேணத்தோடு கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு நேராக என்னிடம் ஓடிவந்தான். வேலிக்கு அந்தப் பக்கம், வாளிக்கு முன்னால் வந்து நின்றான். உடம்பெல்லாம் நடுங்கியது, கால் மட்டும் அசையவில்லை. எல்லோரும் கூடாரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் குதிரைக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் மகளிடம் போனேன் என்பது உண்மையா என்று நேற்று இரண்டு தடவை கேட்டீர்கள். உண்மை. அசையாமல் நின்றதே, மேடம். கொடுக்காவிட்டால் அப்புறம் அது என்னை எப்படி நம்பும்.

பிறகு முதலாளியம்மா தும்மலைக்கூட மறந்து கிட்டே வந்து தன் கையாலேயே சேணத்தைக் கழற்றினார். இரண்டு துணியும் சேர்ந்து வந்தன, அதோடு வேறு சிலதும் வந்தன. லாரிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். கண்ணாடிக்குப் பின்னாலேயே இருந்துவிட்டவர்களுக்கு இதெல்லாம் தாங்காது.

இனி நீங்கள் கேட்கிற ஒற்றைக் கேள்விக்கு ஒற்றைப் பதில். முதுகு புண் என்று எனக்குத் தெரியும். பதினொன்றாம் நாளே தெரியும், துணியை உரித்தவன் நான். நோயைப் பரவவிட்டது நான், சிலேட்டை அழித்தது நான், அடியில் அரக்குத் துணியைப் போட்டது நான். வேண்டாம் என்ற பெண்ணை ஏறவைத்தது நான். அவளை எனக்கு உயிர். இந்த வரியை அடித்துவிட வேண்டாம். என்ன தண்டனை என்றாலும் குறை சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் என்னைத் தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பெண் சாகிறவரை வலியோடு கிடக்கப்போகிறாள் என்றீர்கள். முதுகெலும்பில் இரண்டு இடத்தில் விரிசல், இடுப்பில் ஒன்று, எல்லாம் ஆஸ்பத்திரி டாக்டர் எனக்கும் சொன்னார். ஆனால் நீங்கள் நேரில் போய்ப் பார்க்கவில்லை. நேற்று உங்கள் காவலரோடு நான் போனேன்.

வராந்தாவில் என் மனைவி நின்றிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். "அவளைக் கொஞ்சம் அழ விடுங்களேன்" என்றாள். யார் தடுத்தது என்று எனக்குப் புரியவில்லை. நான் ஒரு வார்த்தைகூடப் பேசாமல்தான் உள்ளே போனேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அடுத்த வார்டு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துகிறாள் என்று நர்ஸ் சொன்னார். நான் போனது புரட்டுகிற நேரம். தலைமாட்டு மேசையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பார்வைக்குத் தெரிகிற மாதிரி நின்றேன். இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து புரட்டினார்கள். அவள் கண் டம்ளரிலேயே இருந்தது. ஒரு முனகல் இல்லை, புருவம்கூடச் சுருங்கவில்லை. நர்ஸ்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நான் கிட்டே போய் அவள் முதுகில் கட்டின் மேல் கையை வைத்தேன். நெளியவில்லை. தண்ணீரைக் கொடுத்தேன், முழுக்கக் குடித்தாள்.

கட்டிலின் கால்மாட்டில் ஒரு பலகை தொங்கியது. 'முழு ஓய்வு, பன்னிரண்டு வாரம்' என்று டாக்டர் எழுதியிருந்தார். கிளம்பும்போது உள்ளங்கையால் துடைத்துவிட்டு வந்தேன்.